செகண்ட்ஸ்

பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கான ஜாக்கெட்டில்
நெஞ்சுப் பட்டைக் கொக்கியோடு
ஒரு குட்டி விசில் வரும்.
நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது உருப்படி
டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து
தையல் பார்ப்பேன், ஜிப்பை இழுப்பேன்,
விசில் இருக்கிறதா, டிக்.
ஊதிப் பார்த்ததில்லை.
எதுக்குங்க இது என்று கேட்டதற்கு
மெர்ச்சண்டைசர் சொன்னது:
"பையர் கேக்கறான், வெச்சுக் குடுக்கறோம்."

இடது கைத் தையல் கோணிப்போன ஒன்றை
செகண்ட்ஸ் கடையில் நானூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
அதைப் போட்டுக்கொண்டுதான்
மார்கழி மூன்றாம் ஞாயிறு
பர்கூர் மலை ஓட்டத்துக்குப் போனது.
இருபத்தோரு கிலோமீட்டர். நம்பர் 118, துளசிமணி, திருப்பூர்.
முடித்தால் பனியன் தருவார்களாம்,
திருப்பூர்க்காரிக்குப் பனியன்!

மஞ்சள் ரிப்பனைப் பார்த்து ஓடச் சொன்னார்கள்.
பாதி தூரத்தில் மூடுபனி இறங்கி
கையை நீட்டினால் விரலைக் காணோம்.
ஒரு மஞ்சள். அப்பால் இன்னொன்று.
நாலாவதைத் தொட்டபோது கையோடு வந்தது,
உன்னிச்செடியின் பழுத்த இலை.

அங்கேயே நின்றிருக்க வேண்டும்.
குறுக்கே இறங்கினால் ரோடு வரும் என்று
இறங்கினேன். பள்ளம் வந்தது.
பள்ளத்தோடு போனால் ஊர் வரும் என்று
போனேன். இன்னொரு பள்ளம் வந்தது.
நாலு மணிக்கு முட்டியில் ரத்தம்,
போனில் ஒன்பது சதவீதம், டவர் இல்லை.

லைனில் பழுது கண்டால் மேலே தைக்கக் கூடாது.
மெஷினை நிறுத்தி,
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி,
உருப்படியைத் தனியே வைக்க வேண்டும்.
எட்டு வருசமாய் நான் அடுத்தவர்களுக்குச் சொல்வது.
எனக்கு நானே ஒட்டிக்கொண்டேன்.

தண்ணிக்கு யானை வரும்,
குளிரும் பள்ளத்தில்தான் தேங்கும் என்று தோன்றியது.
கண்ணுக்குத் தெரிந்த பாறைவரை மட்டும் ஏறினேன்.
உள்ளே காட்டன் பனியன் வேர்வையில் ஊறி
முதுகில் ஈரச் சாக்காய் ஒட்டியிருந்தது.
காட்டன் ஈரத்தை விடாது.
அதை விற்றுத்தான் சோறு தின்கிறோம், எனக்குத் தெரியாதா.
கழற்றிப் புதர்மேல் விரித்தேன், யார் கண்ணிலாவது படட்டும்.
வெறும் உடம்பில் ஜாக்கெட்.
சருகைக் கூட்டி அதன்மேல் உட்கார்ந்து
கைகளை அக்குளில் செருகி
கடலை மிட்டாயில் பாதி.

பிறகு விசிலை வாயில் வைத்தேன்.
வைத்ததும்தான் அது நினைவுக்கு வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி.
லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க,
இருபது அட்டைப்பெட்டி
பிரிக்காமலே டிக் போட்டேன்.
அந்தச் சரக்கு இப்போது பனியில் இருக்கும்.

ஊதினேன்.
காதைக் கிழித்துக்கொண்டு போனது.
மூன்று முறை. அறுபது எண்ணி மறுபடி மூன்று.
சத்தத்துக்கு யானை ஓடுமா வருமா, தெரியாது.
இருட்டியது. பல் தந்தியடித்தது.
எண்ணிக்கை நாற்பதில் நழுவியபோதெல்லாம்
ஒன்றிலிருந்து தொடங்கினேன்,
தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே.

ஒன்பதே முக்காலுக்கு டார்ச்சோடு வந்தவர் பெயர் ஜடையன்.
மாடு மேய்ப்பவர், ஓட்டத்துக்கு வழிகாட்ட நின்றவர்.
"ஒரே எடத்துல இருந்து கேட்டுச்சு, அதனால வந்துட்டம்.
நகந்துட்டே ஊதுனவன் ஒருத்தன், போன வருசம்,
விடியற வரைக்கும் எங்களச் சுத்த வெச்சான்.
இன்னும் டீ கூடக் குடிக்கலீங்க."
தன் கம்பளியை என்மேல் போட்டுவிட்டு
பாறையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மேசைக்குத் திரும்பினேன்.
முதல் உருப்படியின் விசிலைத் துணியால் துடைத்து
ஊதினேன்.
லைன் மொத்தமும் நின்று திரும்பியது.
"என்னாச்சு?" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார்.
"செக்கிங்குங்க" என்றேன்.

இருபது பெட்டியைப் பற்றி
இன்னும் வாய் வரவில்லை.